வாடிப் படியில் மறுத்த சொல்

அக்காவின் அன்புக்குரிய அத்தானுக்கு,

நான் வாய் மூடியிருந்தது போதும். பதினொரு வருடம். உயிரோடிருந்தபோது முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள். மற்றவனுடைய கோழைத்தனத்தை முதலில் மோப்பம் பிடிக்கிறவர் நீங்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கிறார்கள். படம், வம்சாவளி, தேவாரம் எல்லாம் அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டன. ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. "தம்பி, நீதானே படிச்சனீ. அவரைப் பற்றி நாலு நல்ல வசனம் எழுதித் தா" என்று அக்கா கேட்டா. உங்கள் மூத்தவன் எனக்குச் சிரமம் வைக்காமல் முதல் வசனத்தையும் தானே எழுதித் தந்தான்: 'வாக்குத் தவறாத பெருந்தகை.' அதைச் சுற்றி நான் பூ வைத்தால் போதுமாம்.

நாலு நாளாக அந்த மூன்று சொற்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூ வரவில்லை, அத்தான்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு கொழும்பில் சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டு, கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினேன். மாற்றுச் சட்டை இல்லை. நீங்கள்தான் வீட்டில் இடம் தந்தீர்கள். அதை மறுக்க மாட்டேன். பிறகு மயிலிட்டியில் மீன்வாடி தொடங்கினோம். மீனை வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு லொறியில் அனுப்பும் வேலை. என்னைப் பங்காளியாகச் சேர்த்தீர்கள். நான் பங்குடைமை உடன்படிக்கையை என் கையாலேயே ஏழு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். நீங்கள் வெற்றிலைத் தட்டத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தீர்கள்.

"எழுத்து ஆருக்கு மச்சான்? அந்நியருக்கு. உன்ரை அக்காவின்ரை கழுத்திலை கிடக்கிற தாலிதான் என்ரை எழுத்து."

அன்று பின்னேரமே அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தீர்கள். நானும் அணைத்தேன். என் கைதான் கொப்பளித்தது. உங்களுடையது கொப்பளிக்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஏழு பக்கத்தையும் அக்கா பிறகு மீன்பெட்டிக்கு அடியில் விரித்தா.

எழுத்தில்லாத கூட்டு நீதிமன்றப் படியேறாது என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். அப்படியிருந்தும் கற்பூரத்துக்கு ஏன் மயங்கினேன்? கோயில் வீதியில் நாலுபேருக்கு முன்னால் "இவர் என்ரை பங்காளி" என்று என் தோளில் கை போட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்குத்தான். உங்களை இகழ எனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த இடத்தில் என்னையும் சேர்த்துத்தான் இகழ வேண்டியிருக்கிறது.

சின்னராசா அண்ணையை மறந்திருக்க மாட்டீர்கள். மெசின் பூட்டிய வள்ளம் அந்தக் கரையிலேயே நாலைந்து பேரிடம்தான் இருந்தது. அதில் ஒன்று அவருடையது. அவருடைய மீன் முழுவதும் நமக்கே வரவேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டீர்கள்.

"போய்ச் சொல்லு. மற்ற வாடிக்கு ஒரு மீனும் போகப்படாது. அப்பிடியெண்டால், மெசின் பழுதாய்ப் போனால் புது மெசின் எங்கடை பொறுப்பு. நான் சொன்னதெண்டு சொல்லாதை. நீயாச் சொல்லு. படிச்சவன் சொன்னால் நம்புவாங்கள்."

போனேன். சின்னராசா அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"லோயர், இது வாய்ச்சொல்லோ, எழுத்தோ?"

"வாய்ச்சொல்தான் அண்ணை. என்னிலை நம்பிக்கையில்லையோ?"

"உம்மிலை இருக்கு. உம்மடை அத்தானிலைதான் இல்லை." சிரித்தார். "சரி, உம்மடை முகத்துக்காகத் தாறன்."

மற்ற வாடிக்காரர் எல்லோரையும் அவர் பகைத்துக்கொண்டார். என் முகத்துக்காக.

அடுத்த வருடம் நீங்கள் பத்திரம் எழுதும் பிரக்கிராசியாரிடம் போய் வாடியைக் கம்பனியாகப் பதிந்தீர்கள். கம்பனியை ஆளும் பணிப்பாளர்கள் நீங்களும் அக்காவும். அக்கா காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தா. எனக்கு ஒரு மேசையும், 'மனேச்சர்' என்று எழுதிய பலகையும் கிடைத்தன. பங்காளி என்ற சொல் கோயில் வீதியிலேயே கிடந்து காய்ந்தது.

அதற்கு அடுத்த வருட வாடைக்காலத்தில் சின்னராசா அண்ணையின் மெசின் நடுக்கடலில் நின்றது. வள்ளம் இரண்டு நாள் மிதந்தது. வேறு வள்ளக்காரர் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வந்து இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல், உப்புப் பூத்த முகத்தோடு நேரே வாடிக்கு வந்தார். கரையில் நின்ற சனம் பின்னால் வந்தது. நீங்கள் வாடிப் படியில் நின்றீர்கள். நான் உங்கள் பக்கத்தில் நின்றேன்.

அங்கே நீங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறேன்.

"சின்னராசா, கம்பனி எண்டது வேறை ஆள். நான் வேறை, அது வேறை. அது போன வருசம்தான் பிறந்தது. பிறக்காத பிள்ளை உனக்கு வாக்குக் குடுக்குமோ?"

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"அப்ப இவர் வந்து சொன்னது?"

"உவன் என்னத்தைச் சொன்னானோ, ஆர் சொல்லச் சொன்னதோ, எனக்கென்ன தெரியும்? உவனைக் கேள்."

சின்னராசா அண்ணை என் பக்கம் திரும்பினார். "சொல்லும் லோயர். ஆர் சொல்லச் சொன்னது?"

உள்ளே கதவடியில் அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றா. என்னையே பார்த்தா. நான் படியில் உருகி ஓடிய ஐஸ்தண்ணியைப் பார்த்தேன். அவர் காத்துப் பார்த்துவிட்டு, என் காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

என் வயிறெரிச்சல் என்ன தெரியுமா? சட்டப்படி நீங்கள் சொன்னது சரி. பதியப்படும் முன் கொடுத்த வாக்குக் கம்பனியைக் கட்டுப்படுத்தாது. தன்னை அனுப்பியவன் யார் என்று சொல்லாமல் தன் பெயரில் வாக்குக் கொடுத்த முகவனைத்தான் அது கட்டுப்படுத்தும். பிரக்கிராசியாரிடம் ஒரு பின்னேரம் இருந்து நீங்கள் கற்றுக்கொண்டதை நான் இரண்டு வருடம் படித்தும் கற்கவில்லை. ஆனால் சட்டத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அனுப்பியவன் பிறகு வெளியே தெரியவந்தால் அவனையும் பிடிக்கலாம். அதற்கு ஒருவன் வாய் திறந்தாலே போதும். நான் திறக்கவில்லை.

சின்னராசா அண்ணையை வேறு வாடி சேர்க்கவில்லை. வள்ளத்தை விற்றார். இன்றும் மற்றவன் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். மயிலிட்டியில் என் பெயர் 'வாய்க்கார லோயர்'. நான் நல்லூருக்கு வந்து, டியூட்டறியில் வர்த்தகச் சட்டம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நீங்கள் 'அ', நான் 'ஆ', அவர் 'இ'. போன கிழமை ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், எல்லாம் விளங்குது. 'ஆ' ஏன் வாய் திறக்கேல்லை?"

"உது சோதினைக்கு வராது பிள்ளை, இரும்" என்றேன்.

உங்கள் செத்தவீட்டுக்குக் கம்பனி மலர்வளையம் அனுப்பியிருந்தது. பார்த்தீர்களா? உடம்பில்லாத ஆள். சாவில்லாத ஆள். அழக் கண்ணும், கூசத் தோலும் இல்லாத ஆள். நீங்கள் பெற்ற பிள்ளைகளில் உங்களை உரித்துப் படைத்தது அதுதான்.

சின்னராசா அண்ணையும் வந்திருந்தார். உங்களுக்கு வாய்க்கரிசி போட்டார். நீங்கள் என்றால் அவருக்குப் போட்டிருப்பீர்களா? பிறகு பந்தலுக்குள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தாள் போயிட்டுது, லோயர். இனியாவது சொல்லுமன். புது மெசின் வேண்டாம். சொன்னது ஆர் எண்டு சொன்னாலே காணும்."

பக்கத்தில் அக்கா அழுதுகொண்டிருந்தா. மறுபடியும் நான் நிலத்தைப் பார்த்தேன். படியில் நின்றபோதாவது உங்கள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன் என்று ஒரு சாட்டு இருந்தது. பந்தலில் எனக்கு என்ன சாட்டு?

ஆகவே கேளுங்கள். அந்த வெறும் பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுப்பது இந்தக் கடிதம்தான். அச்சுக்கூடக்காரர் என் எழுத்தை அறிவார். இடம் போதாவிட்டால் தேவாரத்தைச் சுருக்குவார். புரூப் பார்ப்பவனும் நானே. உங்கள் மூத்தவனுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. முப்பத்தோராம் நாள் மயிலிட்டி முழுவதும் வீட்டுக்கொரு புத்தகம் போகும். அக்கா என்னை மன்னிக்க மாட்டா. அதை நினைத்துத்தான் பதினொரு வருடம் போனது.

ஒரு வாக்குத் தருகிறேன். நான் தருகிற வாக்கின் பெறுமதி உங்களுக்குத் தெரியும். அன்று அந்த வாடிப் படியில் நானே நிற்பேன். சின்னராசா அண்ணையின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுப்பேன். அவர் மூன்றாம் தரமும் கேட்டால், நிமிர்ந்து பார்த்து, "அத்தான்தான் சொல்லச் சொன்னவர்" என்று வாயால் சொல்வேன்.

ஆனால் இந்தக் கடிதத்தின் கீழே என் பெயர் வராது. பயத்தில் அல்ல, வாசிக்கிற எல்லோருக்கும் ஆள் யார் என்று தெரியும். உங்கள் சொல்லுக்கு என் பெயரைப் போட்டு ஒருமுறை அழிந்தது போதும். இது உங்கள் சொல். உங்கள் கணக்கிலேயே கிடக்கட்டும். 'அன்பு மைத்துனன்' என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். நாளைக் காலை, கையொப்பம் இல்லாமலே, அச்சுக்கூட விலாசமிட்டுத் தபாற்பெட்டியில் போடுகிறேன்.

எழுத்து அந்நியருக்குத்தானே, அத்தான்.