தேரை காணாத உணவு

கோல்டிங்,
30.10.2025

அன்புள்ள மகள் சாருஜாவுக்கு,

பெரு நாட்டுக் காட்டு முகாமில் நீ சுகமாக இருப்பாய் என நம்புகிறேன். அம்மாவும் நானும் சுகம். நீ வளர்த்து, எங்களிடம் விட்டுப்போன தேரையின் படம் கேட்டு நேற்றும் செய்தி அனுப்பியிருந்தாய். தொலைபேசியில் சொல்லத் துணிவில்லாததால் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை அது இறந்துவிட்டது. காரணம் நான்.

நீ புறப்பட்ட மறுவாரம் கௌரி விரதம் தொடங்கியது, இருபத்தொரு நாள். அது முடிந்த மறுநாளே கந்தசஷ்டி, ஆறு நாள். விரத வீட்டில் உயிருள்ள சில்வண்டை இரையாகக் கொடுப்பது முறையல்ல என்று தீர்மானித்தேன். உலர்த்திய சில்வண்டுகளை வாங்கி, நீ குறித்த அளவில், நீ குறித்த நேரத்தில் தட்டில் வைத்தேன். இந்தத் தேரைகள் காட்டில் எறும்பு நிரையின் ஓரம் குந்தியிருந்து, ஊர்ந்து வருவதையே நாவால் எடுக்கும் என்று நீ போகுமுன் விளக்கியிருந்தாய். "அப்பா, அசையாட்டில் அதுக்கு அது சாப்பாடே இல்லை" என்றாய். கேட்டிருந்தும், பசித்தால் பழகிக்கொள்ளும் என்று எண்ணினேன். அது நிறைந்த தட்டின் முன்னால் காத்திருந்தது.

அம்மா இருமுறை சொன்னார். "அந்தச் சீவன் வத்திப்போச்சு. உங்கடை விரதத்தை அது ஏனப்பா பிடிக்கவேணும்?"

உன் அட்டவணையில் உணவு என்ற நிரலில் நாள்தோறும் 'வைக்கப்பட்டது' என்று எழுதி அனுப்பினேன். அச்சொல்லைத் தெரிந்தே தேர்ந்தேன். 'தக், அப்பா' என்று நன்றி சொல்லி நீ ஒவ்வொரு முறையும் பதில் அனுப்பினாய். அவற்றை இப்போது திறந்து பார்க்க இயலவில்லை.

விரதம் முடிக்கும் பாறணை நாளான அந்தச் செவ்வாய் காலை, முதல்நாளே வாங்கிக் காருக்குள் வைத்திருந்த உயிருள்ள சில்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டேன். ஒன்று அதன் முகத்துக்கு நேரே நடந்தது. தலை சற்றுத் திரும்பியது, வாய் திறக்கவில்லை. அப்பிள் மரத்தடியில் புதைத்தோம். பாறணைச் சோறு எனக்கு இறங்கவில்லை.

அதே போன்ற இன்னொன்றை வரவழைத்துத் தரலாம் என்றார் கடைக்காரர். நத்தார் விடுமுறைக்கு நீ வரும்போது வேறுபாடு தெரியாது என்று ஒரு கணம் நானும் நினைத்தேன். அதையும் நீ அறியவேண்டும்.

கோபித்து எழுது, எழுதாமல் மட்டும் இராதே. முகாமில் மூன்று வேளையும் சாப்பாடு வைக்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தாய். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. முருகன் உன்னைக் காக்கட்டும். இனி, வைத்தார்கள் என்று எழுதாதே, பிள்ளை. சாப்பிட்டேன் என்று எழுது.

உன் அப்பா,
நவரத்தினம்