மஞ்சள் பெயிண்ட்

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றும் இழைப்புளி கணுவில் மாட்டிக்கொண்டது. பலகை பாதிக்கு மேல் பெயர்ந்துவிட்டது. குற்றாலீஸ்வரன் சார் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பலகையா, மீன் செதிலா?" என்றார். பையன்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இருபது பேரில் நான் ஒருத்திதான் பெண். பிளஸ் டூவில் கணக்கு போனதும் அம்மா தையல் கிளாஸுக்குத்தான் போகச் சொன்னாள். நான்தான் அடம்பிடித்துத் தென்காசியில் இந்த ஃபர்னிச்சர் சென்டரில் சேர்ந்தேன். இப்போது யாரைக் குறை சொல்ல?

பேச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "மரத்துல ரேகை ஓட்டம் எந்தப் பக்கம்னு பாக்காம இழைச்சா, பேராம என்ன செய்யும்?" என்றான். காலையில் நான் வடகரையில் ஏறினால் அவன் அச்சன்புதூரில் ஏறுவான். பேட்ச்சிலேயே நல்ல கை அவனுக்குத்தான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். சர்டிபிகேட் வாங்கியதும் சொந்தப் பட்டறை வைப்பானாம். தினமும் தென்காசி வரை இதே பேச்சு. என் காதுதான் பாவம்.

செப்டம்பர் 20

என் ஸ்டூலின் நாலு காலும் இன்று தரையைத் தொட்டன. யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளையும் மறுநாளும் லீவு என்பதால் ஆயுத பூஜையை இன்றே வைத்துவிட்டார்கள். மிஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வட்ட ரம்பத்தின் மேல் மூடியிருக்கும் இரும்புக் கவர் துருப்பிடித்து அசிங்கமாக இருந்தது. நானாகவே கழற்றி மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பேச்சிமுத்து கூடப் பார்க்கவில்லை, அவன் மாவிலை கட்டிக்கொண்டிருந்தான். சாரல் ஈரத்தில் பெயிண்ட் காயவே இல்லை. பின்ஜன்னலில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கவர் இல்லாமல் ரம்பம் மொட்டையாகத் தெரிந்ததால், அந்த இடத்தில் செவ்வந்தி மாலையைத் தொங்கவிட்டேன். அழகாகத்தான் இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

எழுத வரவில்லை.

எழுதித்தான் ஆக வேண்டும். காலையில் போனதும் நேராகப் பின்ஜன்னலுக்குப் போனேன். இரண்டாம் கை பெயிண்ட்டும் அடித்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அடித்தேன். யார் கேட்டார்கள் இரண்டாம் கை? பத்தே காலுக்கு சார் அவசரப்படுத்துவது கேட்டது. பத்தரைக்கு ராகுகாலம், பூஜை முடிந்து முதல் வெட்டு அதற்குள் விழ வேண்டும். "ஏலே பேச்சிமுத்து, ஒன் கைராசிக்கு ஒரே ஒரு வெட்டு போட்டுருலே. மாலைய அப்புறம் எடுத்துக்கிடலாம்."

மிஷின் ஓடத் தொடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கவர் என் கையில் இருந்தது. 'நில்லு' என்று ஒரு வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? நேரம் இருக்கிறது என்று நினைத்தேனா, திட்டு விழும் என்று பயந்தேனா — இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

மாலை ரம்பத்தில் சிக்கியது. அதை ஒதுக்கப் போன இடது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. நடுவில் உள்ள மூன்று விரல்கள்.

செவ்வந்தி இதழ்கள் ஜன்னல் வரைக்கும் வந்து விழுந்தன.

அக்டோபர் 4

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சிமுத்து கையில் கட்டோடு படுத்திருந்தான். என் கையைப் பார்த்தான். துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன். தின்னர் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை.

அக்டோபர் 6

சார் எல்லோரையும் கூப்பிட்டார். "வடிவு, ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீ எழுது." மேலதிகாரிக்கு அனுப்பும் கடிதம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பயிற்சி மாணவர் பேச்சிமுத்து, விதியை மீறித் தானாகவே கவரைக் கழற்றிவிட்டு…' அந்த இடத்தில் பேனா நின்றது. "எழுதும்மா. நம்ம எல்லாருக்கும் அதான் நல்லது" என்றார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கவர் ஜன்னலில் மஞ்சளாக மின்னிக்கொண்டிருந்தது.

சாட்சியாக எல்லோரும் போட்டதில் முதல் கையெழுத்து என்னுடையது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அழகான கையெழுத்தில் மறைத்தேன்.

அக்டோபர் 15

வருகைப் பதிவேட்டில் அவன் பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு. விதிமீறலாம், பரீட்சை எழுத முடியாதாம். அவனுடைய உளி மேசையிலேயே கிடந்தது. யாரும் பார்க்காதபோது பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருக்கிறேன். அம்மா, "சோறு எறங்கலையா? ஒனக்கு என்னட்டி வந்துச்சி?" என்கிறாள். என்ன சொல்ல!

அக்டோபர் 21

தீபாவளிக்கு மறுநாள் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அச்சன்புதூர் போனேன். அவன் அம்மா முறுக்குத் தட்டை நீட்டி, "கூடப் படிச்சதுல நீ ஒருத்தியாவது வந்து பாத்தியே தாயி" என்றார்கள். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். கவரைக் கழற்றியது நான். அந்தக் கடிதத்தை எழுதியதும் நான்.

"கவர் வெசயம் தெரியும்" என்றான். "ஆஸ்பத்திரில ஒன் நகத்தப் பாத்தேன்லா."

"பின்ன ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு நெனச்சேன்." சுவரில் காலண்டரைப் பார்த்து, "பதினெட்டு நாளாச்சி" என்றான்.

அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 22

உண்மையை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சார் படித்துவிட்டு, "பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. ஒன் படிப்பும் போயிரும். கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு" என்றார்.

"அவசரப்படுத்துனது யாருன்னும் எழுதியிருக்கேன் சார். ராகுகாலத்தோட."

இன்னொரு பிரதியை மேலதிகாரிக்குத் தபாலில் போட்டுவிட்டேன். இந்தத் தடவை முத்து முத்தாக ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 6

விசாரணை முடிந்தது. அவன் பெயரை மறுபடி சேர்த்துவிட்டார்கள். சிவப்புக் கோடு இப்போது என் பெயரின் மேல். சாருக்கு எச்சரிக்கையோடு சரி. அம்மா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில், "தையல்னா ஊசிதானட்டி குத்தும்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

பேச்சிமுத்து பரீட்சைக்கு வருவானா என்று யாருக்கும் தெரியவில்லை. எங்காவது மிஷின் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுகிறானாம். அவன் அம்மா போனில் சொன்னார்கள். இப்போது என்னைத் தாயி என்று கூப்பிடுவதில்லை.

நவம்பர் 24, திங்கள்

இன்று பரீட்சை. உளியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். நேற்று முழுக்க அதைச் சாணைக்கல்லில் தீட்டினேன். பஸ் அச்சன்புதூரில் நின்றபோது எட்டிப் பார்த்தேன். அவன் இல்லை.

சென்டர் கேட்டுக்கு உள்ளே எனக்கு அனுமதி கிடையாது. எதிரில் இருந்த டீக்கடை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். ஒன்பது மணி பஸ்ஸிலும் இல்லை. ஒன்பதரைக்கு இறங்கினான். இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

துணியை நீட்டினேன். பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் உளியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீயா தீட்டுன?"

"ஆமா."

"கோணலா இருக்கு. உள்ள போயி மறுபடி தீட்டணும்."

அவ்வளவுதான் சொன்னான். உளியோடு உள்ளே போனான். பத்து மணிக்கு ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்று, மறுபடி ஓடி, மறுபடி நிற்கும் வரை நின்றிருந்தேன். யாரும் கத்தவில்லை. பிறகு வடகரை பஸ் வந்தது, ஏறி வந்துவிட்டேன்.