செண்பகம் மறுபடி அசைபோட்டது

டுரியான் துங்கால், மலேசியா
23.1.1998

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, நம் பசு செண்பகம் மூவரும் சௌக்கியம். அங்கே ஆஸ்திரேலியாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாரியம்மாவை வேண்டுகிறோம். மாட்டையும் குடும்பத்தில் சேர்த்துவிட்டாரே அப்பா என்று சிரிக்கிறாயா, சிரி, நாங்களும் ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மாடு பிழைத்துவிட்டது என்று அம்மா போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள், முழுக்கதையைக் கேள். மாட்டுப் பொங்கலன்று செண்பகத்துக்கு மாலை போட்டு வாசலில் நிறுத்தினோமா, சினைமாடு, புண்ணியம் என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு இலையில் பொங்கலோடு வந்துவிட்டார்கள். உன் அம்மா ஒரு பானைப் பொங்கலையே அதன் முன்னால் கவிழ்த்தாள். ஏன் என்று கேட்டால், அது கண்ணாலேயே கேட்டுச்சுங்க என்கிறாள். மறுநாள் காலை வயிறு உப்பி, அசைபோடுவதை நிறுத்திப் படுத்துவிட்டது. மாட்டு டாக்டர் சாயங்காலம்தான் வர முடியும் என்றார்கள். வயிற்றில் கன்று வேறு. அம்மா அழுத அழுகையைப் பார்த்து, மாட்டு வயிற்றைப் பற்றிப் படிக்கிறவள் நீதானே என்று உனக்குப் போன் போட்டோம். பொங்கல் புளித்து வயிற்றிலுள்ள நல்ல கிருமிகள் செத்திருக்கும், நோயில்லாத மாடு அசைபோடும்போது அதன் வாயிலிருந்து எடுத்து இதற்கு ஊட்டுங்கள் என்றாயே, சொல்வது சுலபம் கண்ணு. பக்கத்து வீட்டுக் கந்தசாமி அண்ணன் தன் மாட்டின் தாடையைப் பிடிக்க, நான் கையை விட, அதற்குள் அது விழுங்கிவிடும். அடுத்த உருண்டை மேலே வரும்வரை இரண்டு பேரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். ஒருவழியாகப் பிடுங்கிச் செண்பகத்துக்கு ஊட்டி முடிப்பதற்குள் சட்டையெல்லாம் எச்சில். மாட்டு வாயில இருந்தே பிடுங்கிட்ட, நீ பெரிய ஆளுலா என்று அண்ணன் இன்னும் கடைத்தெருவில் சொல்லித் திரிகிறார். டாக்டர் வந்து மருந்து கொடுத்தார், ஊட்டியதும் நல்லதுதான் என்றார். விடிந்து பார்த்தால் செண்பகம் எழுந்து நின்று வாயை அசைக்கிறது. நான் கொட்டகையிலேயே ஆடிவிட்டேன், இந்த வயசில இது வேறயா என்று அம்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

போன கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய். மாட்டு வயிற்றுக் கிருமியின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துக் கண் பூத்துப்போச்சு, மெஷினும் சதி பண்ணுது, இதனால் யாருக்கு என்ன பிரயோசனம், விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால்தான் எழுதவில்லை. இப்போது பதில் கொல்லையில் நின்று புல் தின்கிறது. படித்து முடித்துவிட்டு வா, கன்றுக்கு நீதான் பேர் வைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ்க.

மாட்டு வாயில் கைவிட்ட உன் அப்பா,
பெரியதம்பி