பவுனுக்குப் பெரிய எழுத்து

ஜூலை 18, திங்கள், 1988

காற்று. விடிந்ததிலிருந்து போடி முழுக்கப் புழுதி. ஐந்தரை மணி ஜீப்பில் பவுனை மலைக்கு ஏற்றிவிட்டேன். முன் சீட் கிடைத்தது. "பாலை மூடி வைங்க, வெள்ளிக்கெழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூடவில்லை. பூனை குடித்துவிட்டது.

நேற்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும். நான் சவரம் செய்துகொண்டிருக்க, அவள் பேப்பர் வாசித்தாள். கம்பத்துப் பக்கம் யாரோ ஒருவர் தோட்டத்துக் கிணற்றில் மாடு விழுந்து, ஊரே கூடிக் கயிறு கட்டித் தூக்கியதாம். நன்றாக இருந்தது. பிறகு நானும் படிக்கலாம் என்று பார்த்தால் அப்படி ஒரு செய்தியே இல்லை. 'கிணற்றில் மாடு' என்ற தலைப்பு மட்டும் பெரிதாக இருந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்தது வேறு விஷயம். அந்த மாடு செத்துப் போயிருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள் என்று தெரியாது. மனசு கஷ்டமாகிவிட்டது.

மே மாதம் மதுரைக் கண் டாக்டர் சொன்னது: இரண்டு கண்ணிலும் நடுவில் மங்கல். கண்ணாடி பிரயோஜனமில்லை. எழுத்து பெரிதாக இருந்தால் படிக்கலாம். மெல்ல மெல்லக் கூடும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். சொல்லத் தெரியாது என்றார்.

மலை மேலே, கேரளாப் பக்கத்து எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டே சமாளிக்கிறாள். ஆகஸ்ட் 5 இன்ஸ்பெக்ஷன். போன தடவை கல்வி அதிகாரி, ஏ.இ.ஓ., ஒவ்வொரு டீச்சரிடமும் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னாராம். இந்தத் தடவையும் சொன்னால் வேலை போய்விடும். மலையை விட்டால் அவளுக்கு உயிர் போன மாதிரி.

ஜூலை 20, புதன்

மதுரையிலிருந்து என் சிநேகிதன் சேகர் அனுப்பிய பிளாப்பி தபாலில். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, 'குத்தாதே' என்று சிவப்பில் எழுதியிருந்தான். அதன் மேலேயே சீல் குத்தியிருக்கிறார்கள். நல்லவேளை, படிக்கிறது.

உள்ளே இருப்பது: பிரிண்டர் லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்களோடு சேர்த்துக்கொள்ளும் அச்சடிக்கும் புரோகிராம், புதுசு. நாம் வரைந்து கொடுக்கும் எழுத்தை அதுவே பெரிதாக்கிப் பிரிண்டரில் அடிக்கும். பாடத்தை அப்படி அடித்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டால் பவுன் பார்த்தே வாசிக்கலாம். நான் கம்ப்யூட்டர் பார்க்கும் மண்டியில் இருப்பது அதே லைப்ரரியின் பழசு. பெயரும் அதே. ஒரே ஒரு அளவுதான் தெரியும் அதற்கு.

தமிழ் எழுத்தெல்லாம் ஜூனிலேயே கட்டம் போட்ட தாளில் வரைந்தாயிற்று. 'ணை'தான் இன்னும் யானை மாதிரி இருக்கிறது.

வேலை நேரம்: மதியம் ஒன்று முதல் இரண்டரை. முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கண் அசரும் நேரம். ஏலக்காய் மண்டியில் ஏ.சி. ஓடும் ஒரே ரூம் கம்ப்யூட்டர் ரூம்தான். மற்ற நேரத்தில் ஆள் ஆளாக வந்து நின்று விட்டுப் போவார்கள்.

ஜூலை 21, வியாழன்

சோம்பேறித்தனம். புது லைப்ரரியைப் பழசின் மேலேயே காப்பி பண்ணிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. பெருமையாக டீ குடித்தேன்.

சாயங்காலம் முதலாளி: "தம்பி, மேல இருந்து ஒரு புதுத் தோட்டக்காரர் வந்திருக்காரு. நாளைக்கு லிஸ்ட்ல அவர் பேரும் வரணும்." எனக்கு முன்னால் இருந்த மகராசன் தோட்டக்காரர் பெயரை எல்லாம் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு ஆள் கூடினால் புரோகிராம் முழுதையும் லைப்ரரியோடு சேர்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். கட்டினேன். தப்பு ஒன்றும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 22, வெள்ளி

ஏல நாள். அவமானம்.

காலை ஒன்பதுக்கு, ஏலத்துக்கு வந்த காய்க் குவியல்களின் லாட் லிஸ்ட் அடிக்கிறேன். ஒரு தாளுக்கு ஒரு லாட். உள்ளங்கை அகலத்துக்கு '1'. அடுத்த தாளில் '2'. வெளியே வியாபாரிகள் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. நிறுத்துவதற்குள் பதினேழு தாள் ஓடிவிட்டது.

"என்னய்யா இது, சினிமா போஸ்டரா ஒட்டப் போறீக?" என்றார் ஒரு வியாபாரி.

எல்லாரும் சிரித்தார்கள், முதலாளியைத் தவிர. கணக்கப்பிள்ளை கையால் எழுதிக் கொடுத்து ஏலம் முக்கால் மணி தாமதமாக ஆரம்பித்தது. நல்லவேளை பழைய லைப்ரரிக்கு ஒரு காப்பி பீரோவில் இருந்தது. திரும்ப வைத்து, திரும்பக் கட்டி, சரி பண்ணினேன்.

முதலாளி கேட்டார். "மிஷின் கோளாறு" என்றேன். அதுவும் பொய். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர் பொய் சொல்கிறோம்.

ஜூலை 24, ஞாயிறு

பவுனு வீட்டில் இருக்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், என்னதான் ஆச்சு அந்த மிஷினுக்கு என்று. இப்படிச் சொன்னேன்: "ஒரே பேரு எழுதின ரெண்டு டப்பா. ஒண்ணுல பழைய சாம்பார்ப் பொடி, ஒண்ணுல புதுசு. நான் பழசைக் கொட்டிட்டு அதே டப்பாவுல புதுசைப் போட்டுட்டேன். மண்டிக்காரங்க குழம்பு கெட்டுப்போச்சு."

"புதுசை வேற தட்டுல வச்சு, அங்க இருந்து எடுன்னு சொல்ல வேண்டியதுதான?"

அதேதான். நாளைக்கே தனி டைரக்டரி.

பிறகுதான் சண்டை. கட்டம் போட்ட தாளை முகத்துக்கு வெகு பக்கத்தில், ஓரக் கண்ணால் பார்த்தாள். 'ணை' மேல் விரல் வைத்து, "இது வாலைச் சுருட்டிக்கிட்டுப் போவுது, இங்க நிறுத்துங்க" என்றாள். திருத்தினேன். சந்தோஷமாக இருந்தது. உடனே கீழே வைத்துவிட்டாள்.

"இதைச் செவுத்துல ஒட்டினா எஸ்டேட் பூராத் தெரிஞ்சிரும்ல. டீச்சருக்குக் கண்ணு போச்சுன்னு."

எனக்கு இது தோன்றவே இல்லை. இரண்டு மாதமாகப் புள்ளி வைத்து வரைகிறேன், ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அவளுக்காகச் செய்கிறேன் என்று நினைத்தே அவளைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். மடையன்.

"வேணாம்னா விட்ருவோம்" என்றேன்.

"வேணாம்னு எப்பச் சொன்னேன்?" என்று உள்ளே போய்விட்டாள். சாப்பிடும்போது பேச்சில்லை. ஆனால் எனக்குப் பிடித்த கருவாட்டுத் துண்டு என் தட்டில்தான் இருந்தது.

ஜூலை 26, செவ்வாய்

தூறல்கூட இல்லை. மலை மட்டும் கருத்துக் கிடக்கிறது.

செய்தது:
1. புது லைப்ரரிக்குத் தனி டைரக்டரி. பெயர்: பவுன்.
2. தேடும் பாதையில் பவுன் முதலில், பழசு பிறகு.
3. கட்டினேன்.

பலன்: பொடி எழுத்து. பழசையேதான் எடுக்கிறது. வழி சொன்னாலும் கேட்காமல் போன வழியே போகும் மாடு. ஒரு மணி நேரம் தேடினால், கட்டும் கட்டளைக் கோப்பில் பழைய டைரக்டரியின் முழு விலாசத்தையும் எழுதி வைத்திருக்கிறான் அதே மகராசன். நாம் சொல்லும் பாதையை அது பார்ப்பதே இல்லை. மண்டிக் கோப்பைத் தொடாமல் எனக்கென்று ஒரு கட்டளைக் கோப்பு எழுத வேண்டும். இனிமேல் அவர்கள் சாமானில் கை வைக்க மாட்டேன், சத்தியம்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வாழைப்பழம் இரண்டு.

ஜூலை 27, புதன்

புது லைப்ரரியை எடுத்துக்கொண்டுவிட்டது! பெரிதாக அடித்தது! ஆனால் 'அ'வின் தலை ஒரு தாளில், கால் அடுத்த தாளில். 'ம' சரிந்து படுத்துவிட்டது. எட்டுத் தாள் கிழித்தேன். எரிச்சலில் பிரிண்டரைத் தட்டினேன். மூட்டை தைக்க வந்தவர் சொன்னார்: "அதை அடிச்சா மட்டும் ஒழுங்கா எழுதுமாக்கும்? எம்மவனையும் அடிச்சுப் பாத்துட்டேன்."

இன்னும் ஒன்பது நாள்.

ஜூலை 28, வியாழன்

கிடைத்தது. குளிக்கும்போது.

லைப்ரரிக்குக் கூடவே ஹெடர் என்று ஒரு சின்னக் கோப்பு. எந்தெந்த அளவு எந்த இடத்தில் இருக்கும் என்று, புரோகிராமைக் கட்டும் கம்பைலருக்குச் சொல்வது அதுதான். நான் லைப்ரரிக்குப் புது இடம் காட்டினேன், ஹெடருக்குக் காட்டவில்லை. பொடி புதுசு, அளக்கும் கரண்டி பழசு. இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுக்கச் சொன்னால் தீர்ந்தது. ஒரு வரி. ஒரே ஒரு வரி.

மதியம் 1.40. மூன்றாம் அளவு. 'அம்மா'. ஒவ்வொரு எழுத்தும் கட்டை விரல் உயரம். நிமிர்ந்து நின்றது. அழுதுவிட்டேன். ஏ.சி.யில் கண்ணில் தண்ணீர் வரும் என்று யாராவது கேட்டால் சொல்லலாம்.

யாராவது இல்லை, முதலாளியே நின்றார். இன்று சீக்கிரம் வந்துவிட்டார். "என்ன தம்பி, மறுபடியும் பெருசா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பவுன் கண், வெள்ளிக்கிழமைக் கூத்து, மிஷின் கோளாறு என்று சொன்ன பொய். தாளைக் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மண்டி லிஸ்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுங்க. அது வேற இடம், இது வேற இடம்."

"அப்ப அடி. வெரசா அடி, மூணு மணிக்கு லோடு வருது."

ஜூலை 30, சனி

பவுனிடம் தாளைக் கொடுத்தேன். வாசலுக்கு எடுத்துப் போனாள். வாசித்தாள். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்காமல், தானே கற்பனை பண்ணாமல், எழுதியிருந்ததை மட்டும். முதல் பாடம் முழுவதும். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். குழம்பு அடிப்பிடித்தது.

"எத்தனை பாடம் அடிக்க முடியும்?"

"ஆறு. நீ ஒட்டினா."

"ஒட்டுவேன். தெரிஞ்சாத் தெரியட்டும். எத்தனை நாளைக்குத்தான் மாட்டைக் காப்பாத்திக்கிட்டே இருக்கது?"

அப்படியானால் நான் கண்டுபிடித்தது அவளுக்குத் தெரியும்! அன்றைக்கே தெரியுமாம். பேப்பரைப் பார்த்ததும் என் முகம் மாறியதாம். என் முகம் மட்டும் எப்படியோ தெரிகிறது அவளுக்கு.

ஆகஸ்ட் 5, வெள்ளி

லீவு. ஏல லிஸ்டை நேற்றுக் காலையே அடித்துக் கொடுத்துவிட்டேன். முந்தின நாளே மேலே போய், காலையில் பசை காய்ச்சி ஆறு பாடத்தையும் சுவரில் ஒட்டினோம். நூல்மழை. தாளின் ஓரத்து ஓட்டைப் பட்டையைக் கிழித்துக் கொடுத்ததும் பிள்ளைகள் வளையல் செய்து போட்டுக்கொண்டார்கள்.

ஏ.இ.ஓ. பதினொன்றுக்கு. மலையாளி, குடையோடு வந்தார். நான் வெளியே ஜன்னல் ஓரம்.

புத்தகத்தை நீட்டினார். "டீச்சறே, ஒரு பக்கம் வாயிக்கூ."

பவுனு வாங்கவில்லை. "சார், இந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரியாது. கண்ணுல நடுவுல மங்கல். அதே பாடம் செவுத்துல இருக்கு. அதை வாசிக்கட்டுமா?"

அவர் பதில் சொல்லுமுன் திரும்பி நின்று வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். குரல் முதல் வரியில் உடைந்தது, இரண்டாவதில் சரியாகிவிட்டது. கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, கூடவே வாசித்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர்களுக்குத் தெரிகிறது!

விசிட் புத்தகத்தில் அவர் எழுதினார். பவுனு, "நீங்களே வாசிச்சுச் சொல்லிருங்க சார்" என்றாள். வாசித்தார்: பாடம் நன்று, சுவர்த் தாள்களை மற்ற வகுப்புகளுக்கும் செய்யலாம்.

"கண்ணைப் பத்தி எழுதலையா சார்?"

"இதில் அதுக்கு ஒரு கட்டம் இல்லல்லோ டீச்சறே."

ஜீப்பில் இறங்கும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எல்லா வளைவும் தூக்கம்.

செப்டம்பர் 11, ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்தாயிற்று. நாலாம் வகுப்புப் பாடம் அடித்துக் கொண்டுவந்திருந்தேன். பவுனு வாசலில் வைத்து வாசித்தாள். நாலு வரி. நிறுத்தினாள். தாளைத் திருப்பிப் பிடித்தாள்.

"வெளிச்சம் பத்தலையோ?" என்றாள்.

பதினோரு மணி வெயில்.

"இன்னும் கொஞ்சம் பெருசா வருமா?"

"வரும். இது மூணு. நாலுல அடிச்சுத் தர்றேன்."

"எது வரைக்கும் போகும் அது?"

"எட்டு வரைக்கும்."

"அப்பச் சரி" என்று துணி உலர்த்தப் போய்விட்டாள். ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே.

அந்த லைப்ரரியில் ஐந்தோடு சரி. ஆறு, ஏழு, எட்டு இனிமேல்தான் நான் எழுத வேண்டும்.