அத்தை கையில் வளையல்

ஆவணி, வெள்ளி இரவு

தூக்கம் வரவில்லை. ரத்தப் புற்றுநோய் என்று மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே எனக்குக் கர்ப்பம் ஏழாம் மாதத்தைத் தொட்டுவிட்டது. வளைகாப்பு வேண்டாம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள், என் மாமியாரைத் தவிர. இன்று சாயங்காலம் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, பை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்துவிட்டார்.

நர்ஸ் தடுத்தார். “இவங்களுக்குப் பிளேட்லெட் ரொம்பக் கம்மிம்மா. உடைஞ்சு கீறுச்சுன்னா ரத்தம் நிக்காது.”

“புள்ள காதுல வளவிச் சத்தம் விழணும்ல?” என்றவர், அத்தனையையும் தன் கையிலேயே போட்டுக்கொண்டார். மாமா இறந்தபின் வளையலே ஏறாத கை. என் வயிற்றருகே குலுக்கினார். பிள்ளை உதைத்தது. எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனால், ஊர் பழியை இவர் தலையில்தானே போடும்?

வீடு போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்.

“கழட்டிட்டீங்களா அத்தே?”

“எதுக்கு? நீ புள்ளையத் தூக்கிட்டு வா தாயி. கழட்டி உன் கையில போடுறேன்.”

பேசும்போதே வளையல் குலுங்கியது. நாளை மறுபடி கீமோ. நான் வீடு போகும்வரை அவற்றில் ஒன்றுகூட உடையாமல் இருக்க வேண்டுமே.