மூன்று மிஷின், ஒரு புளியங்கட்டை

ஆடி 28, வியாழன்

வெயில். ஆடி வந்தது காற்றுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது, மழைக்கு யாரும் சொல்லவில்லை. பாலாற்றில் மணல். டேனரித் தோல் நாற்றம் காலையிலேயே என் விறகுத் தொட்டி வரைக்கும், கடை முழுக்க.

டேனரி மேனேஜர் ஆள் அனுப்பினார். பாய்லருக்கு விறகு இனி ரெண்டடி நீளம், தொடை கனத்துக்கு மேல் கூடாது. தினம் ரெண்டு வண்டி. முடியாது என்றால் வேறு தொட்டி பார்ப்பாராம். பார்த்துக்கொள்ளட்டும் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். அவரை விட்டால் எனக்கு வேறு யார்?

பிளக்க மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டான், நிழலில் வேலை. ஒருவனுக்கு முதுகு போச்சு. மிச்சம் மாணிக்கம்.

ஆகவே மிஷின். ஒடுகத்தூரில் வேர்க்கடலைக்காரரிடம் வாங்கிய சின்ன டிராக்டர் சும்மா நிற்கிறது. பக்கவாட்டில் பெல்ட் சக்கரம் உண்டு. அதில் மாட்டி விறகு பிளக்கும் மிஷின் வேலூரில் காதர் பாய் பட்டறையில் கிடைக்கிறதாம்.

வாங்க: கிரீஸ், சாக்கு, அ.வுக்குத் தலைவலித் தைலம்.

அ. என்றால் அலமேலு, என் சம்சாரம். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பதினோரு வருஷமாகச் சண்டையே இல்லை. தோஸ்த்துகளுக்கு வயிற்றெரிச்சல். குழந்தை இல்லை, அது ஒன்றுதான். வீட்டில் புளி வாங்குவதும் இல்லை. தக்காளி, இல்லாவிட்டால் மாங்காய். ஏன் என்று நான் கேட்டதில்லை. குழம்பு நன்றாக இருக்கும்போது எவன் கேட்பான். மத்தியானம் ஒரு மணிக்குத் தொட்டிக்குத் தூக்கில் சோறு வந்துவிடும். சுடாமல் இருக்க, பிடியில் பழைய சேலைத் துண்டு சுற்றி ரெண்டு முடிச்சு.

ஆடி 30, சனி

வேலூர். பஸ்ஸில் நின்றுகொண்டே. காதர் பாய் பட்டறை. பார்த்தது மூன்று.

ஒன்று, கோடாலி மிஷின். பெல்ட் சுற்ற, கோடாலி தானாக மேலும் கீழும். வேகம். ஆனால் கையை எடுத்தோமா இல்லையா என்று அது பார்க்காது. பட்டறையில் ஒரு ஆளுக்கு ரெண்டு விரல் கம்மி.

ரெண்டு, திருகு. கூரான இரும்புக் கூம்பு, மரை போட்டது. சுற்றும்போது கட்டையைக் காட்டினால் தானே உள்ளே போய்ப் பிளக்கும். வேட்டி காட்டினால் வேட்டியும் போகும்.

மூன்று, எண்ணெய் அழுத்தம். மெட்ராஸ் சரக்கு. பெல்ட்டில் பம்பு ஓடும், எண்ணெய் ஒரு தண்டைத் தள்ளும், தண்டு கட்டையை ஆப்பின் மேல் தள்ளும். ஆமை வேகம். கைப்பிடியை விட்டால் அங்கேயே நிற்கும். இது எனக்குப் பிடித்தது.

பாய் சொன்னார்: "அவசரப்படாதீங்க தம்பி. மூணையும் லாரில ஏத்தினு ஆம்பூர் வர்றேன். உங்க தொட்டியில இருக்கிறதுலயே மோசமான கட்டையப் போடுங்க. எது பொளக்குதோ அத எடுத்துக்கங்க, மத்தத நான் எடுத்துனு போறேன்."

நியாயமான மனுஷன். வியாழக்கிழமை வருகிறார்.

ஆவணி 1, திங்கள்

ரோடு அகலப்படுத்த வெட்டிய புளியமரங்கள், ஏலத்தில் எடுத்தது, இன்று வந்து இறங்கின. ஒடுகத்தூர்ப் பக்கத்து மரங்கள். ஒரு அடிமரம் ரெண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற சுற்றளவு. முறுக்கு முறுக்காக நரம்பு. மோசமான கட்டை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

மாணிக்கம் கிட்டவே போகவில்லை.

"இதுல நான் கை வெக்கமாட்டேன் மொதலாளி. ஆணி மரம்."

"ஆணி இருந்தா மிஷினுக்குத்தானே கேடு, உனக்கு இன்னாடா?"

"பேய் புடிச்ச பொம்பளைங்களக் கூட்டினு வந்து, உச்சி முடிய ஆணியில சுத்தி அடிச்சுட்டுப் போவாங்க. முடி இங்க நின்னுடும், ஆளு வீட்டுக்குப் போயிடும். தோ பாருங்க."

பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆணித் தலைகள். சிலவற்றைப் பட்டை பாதி மூடியிருந்தது. நாற்பதுக்கு மேல் எண்ணி விட்டுவிட்டேன். கை வைத்தால் கட்டை சில்லென்று இருந்தது, காலையிலிருந்து வெயிலில் கிடந்தும். ஈர மரம் அப்படித்தான் இருக்கும்.

மிஷின் குறிப்பு: கோடாலிக்கு ஆணி ஆகாது, முனை போய்விடும். திருகும் சந்தேகம். எண்ணெய் அழுத்தத்துக்குக் கவலை இல்லை, அது நரம்பு வழியாகத்தான் பிளக்கும்.

ஒரு மணிக்கு அ. தூக்கோடு வந்தாள். கட்டையைப் பார்த்து நின்றாள். நேராகப் போய் ஒரு ஆணி மேல் விரலை வைத்தாள். தேடவே இல்லை. வீட்டில் உப்பு ஜாடியை எடுப்பதுபோலப் போனது கை.

"இது எங்க ஊரு மரம்," என்றாள்.

சோறு வைக்க மறந்து தூக்கோடேயே திரும்பிப் போனாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

ஆவணி 2, செவ்வாய்

மேகம், மழை இல்லை.

காலையில் அ. என் எதிரே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேசுகிறவள் இல்லை.

"அந்தக் கட்டையப் பொளக்காதீங்க. என்னுது ஒண்ணு அதுல இருக்குது."

பதினாறு வயதில் பேய் பிடித்ததாம். மூன்று மாதம் கத்தலும் பாட்டும். பூசாரி வந்து ஆணி அடித்தார், அன்றோடு அடங்கிவிட்டது. ரெண்டு மாதம் கழித்து நான் பெண் பார்க்கப் போனேன். மாமனார் வாயே திறக்கவில்லை. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது, இனி யாரிடம் கோபப்படுவது.

"அந்த மூணு மாசம் ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

"இல்ல."

"அதுக்கு முன்னாடி? சின்ன வயசு?"

தரையில் விரலால் கோடு போட்டாள். பிறகு சொன்னாள்: "ஆணி அடிச்சு முடிச்சுக் கண்ணத் தொறந்தேன். எதிர்ல ஒரு பொம்பள அழுதுனு இருந்தாங்க. இது யாருன்னு கேட்டேன். உன் அம்மாடின்னாங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணுமே இல்லீங்க."

  பொளக்கமாட்டேன் என்று சொன்னேன். அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

ஆவணி 4, வியாழன், காலை

அ.வின் ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். கட்டையை ஓரமாக உருட்டிவிட்டோம். பாய் பத்து மணிக்கு வருகிறார். டேனரி மேனேஜரும் வேடிக்கை பார்க்க வருகிறாராம்.

அதே நாள், சாயங்காலம்

எழுதித்தான் ஆகவேண்டும்.

வேலம், வேம்பு, மாங்கட்டை. மூன்று மிஷினும் மூன்றையும் பிளந்தன. பாய் உதட்டைப் பிதுக்கினார். "இது இன்னா டெஸ்ட்டு தம்பி? தோ அங்க ஓரமா கெடக்குதே, அத எடுத்து வைங்க." மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அதையும் பொளந்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சம்சாரத்தின் முடி அதில் இருக்கிறது என்று மேனேஜர் முன்னால் சொல்ல வெட்கம். அவ்வளவுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. எண்ணெய் அழுத்தம் நினைத்த இடத்தில் நிற்கிற மிஷின்தானே, வட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் துண்டு மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கட்டையை மிஷின் மேடையில் ஏற்றினோம். கைப்பிடியை நானே பிடித்தேன்.

ஆப்பு நுழைந்தது. முனகல் மாதிரி ஒரு சத்தம். விரிசல் ஒரு முழம் நேராகப் போனது. கைப்பிடியை விட்டேன். தண்டு நின்றுவிட்டது, விரிசல் நிற்கவில்லை. முறுக்கு நரம்பைப் பிடித்துக்கொண்டு தானே திரும்பி, யாரும் தள்ளாமல், சுண்ணாம்பு வட்டத்துக்குள் போய் நின்றது. ஆணி கீழே விழுந்தது. அந்த ஒன்று மட்டும்.

ஆணியில் முடி இருந்தது. ஒரு முழ நீளம், கறுப்பு, இப்போதுதான் எண்ணெய் வைத்து வாரியதுபோலப் பளபளப்பு. பதினோரு வருஷம் மரத்துக்குள் இருந்த முடி.

மணி பார்த்தேன். ஒன்றேகால். தூக்கு வரவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, வேற்று ஆளுக்கு ஒதுங்குவதுபோலக் கதவு ஓரம் ஒதுங்கினாள்.

"அப்பா கழனிக்குப் போயிருக்காரு. இன்னா வேணும்ங்க உங்களுக்கு?"

ஆவணி 5, வெள்ளி

வெயில் ஜாஸ்தி.

நேற்றே ஒடுகத்தூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினேன். முதல் பஸ்ஸில் மாமியார் வந்துவிட்டார். உள்ளே போனார். ரெண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதது தெருமுனை வரை கேட்டது. பிறகு சிரிப்பு. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

மாமியார் வெளியே வந்தார். 

"எம் பொண்ணு வந்துட்டா மாப்ள."

"அப்ப இத்தன வருஷம் என் வீட்ல இருந்தது யாரு அத்தை?"

"எனக்கும் தெரியாது. பெத்தவளுக்கு வித்தியாசம் தெரியாதா? தெரிஞ்சுது. சொல்லத் தைரியம் இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "உங்கள நல்லாத்தானே பாத்துக்கினா?"

பார்த்துக்கொண்டாள். 

உள்ளே இருக்கிற பெண் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். "இது யாரு கை, இம்மாம் பெருசா?" என்று அம்மாவிடம் கேட்கிறாள். கடையிலிருந்து புளி வாங்கி வரச்சொல்லி, மத்தியானம் புளிக்குழம்பு. வீடெல்லாம் அந்த வாசனை. அ. என்று எழுத வரவில்லை இவளை.

ஆவணி 6, சனி

தொட்டி. சுத்தியல், ஆணி, முடி, மூன்றும் கையில். வட்டத்துக்குள் ஓட்டை அப்படியே இருக்கிறது. ஒரே அடி போதும். என் அ. திரும்பி வருவாள். அந்தப் பெண் பதினாறு வயதிலேயே மறுபடி மரத்துக்குள் போவாள்.

ரெண்டு தடவை ஓங்கினேன். காலையில் அவள் முற்றத்தில் பாடிக்கொண்டிருந்தது காதில் வந்தது. நான் கசாப்புக்காரன் இல்லை. சுத்தியலை மாணிக்கத்திடம் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். பிறகு கட்டை மேலேயே உட்கார்ந்து அழுதேன். அ.விடம் ஒருநாளாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம். அமைதியான பெண்டாட்டி என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே தவிர, உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆவணி 8, திங்கள்

லேசாகத் தூறல்.

எண்ணெய் அழுத்தம்தான் என்று பாய்க்குச் சொல்லியாகிவிட்டது. மற்ற ரெண்டும் லாரியில் போய்விட்டன. காலையிலிருந்து ஒன்றரை வண்டி விறகு. பெல்ட் நழுவுகிறது, பிடிப்புக்குத் தடவ ரோசனம் வாங்க வேண்டும். ஆணிக்கட்டையை மட்டும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாணிக்கத்துக்குச் சொல்லவே தேவையில்லை.

மாமியாரும் பெண்ணும் காலை பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். நான்தான் ஏற்றிவிட்டேன். பெண் ஜன்னலிலிருந்து "வர்றேங்க" என்றாள், மரியாதையாக. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டுப் பிரியாணிக் கடைக்குக் கிளம்பினேன்.

ஆணிக்கட்டை மேல் தூக்கு. பிடியில் சேலைத் துண்டு, ரெண்டு முடிச்சு. தூறலில் சுற்றியெல்லாம் நனைந்திருந்தது, தூக்கு நனையவில்லை. யார் வைத்தது என்று கேட்டேன். மாணிக்கம் என்னைப் பார்க்காமல், "யாரும் வரலீங்களே மொதலாளி," என்றான்.

திறந்தேன். ஆவி பறந்தது. சோறு, தக்காளிக் குழம்பு. ஒரு வாய் வைத்தேன். அ. இன்று உப்பு கொஞ்சம் கம்மியாகப் போட்டிருக்கிறாள்.

"உக்காரு," என்றேன், பக்கத்தில் இடம் விட்டு.