எறும்பு தின்ற வயிறும் உங்கள் பேரினமும்

என் அருமை அண்ணனுக்கு,

போன இடத்திலாவது இருமல் விட்டதா? நான் அலுத்துப்போய் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்தால் பேனாவைத் தொடவே கை வருவதில்லை. ஆனாலும் உங்கள் பூச்சியைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஆற்றில் கல்லுக்கடியில் மணலை நூலால் ஒட்டிக் குழல்போலக் கூடு கட்டிக் கிடக்கும் புழு. சிறகு முளைத்து வெளியே வந்தால் மயிர் படர்ந்த இறக்கையைக் கூரைபோல மடித்து உட்காரும். காடிஸ் ஈ என்று புத்தகத்தில் இருக்கும். சேரன்மகாதேவியில் நீங்கள் பிடித்தது அதில் வெறும் புதிய சிற்றினம் அல்ல, அதற்கும் மேலே ஒரு புதிய பேரினமே என்று சாதித்தீர்கள். முன்னிறக்கை நரம்பில் ஒரு கவட்டை இல்லை என்பதுதான் ஆதாரம். நீங்கள் பிடிக்க, நான் லென்சு வைத்து வரைய, வருஷங்கள் அப்படியே போயின. மாதிரிகளைச் சீமைக்கு அனுப்புமுன் நீங்களும் போய்விட்டீர்கள்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் சித்தி வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினாள். குடம், தவலை, எறும்பு ஏறாமலிருக்கப் பூச்சி அலமாரியின் கால்களுக்கு வைத்திருந்த கிண்ணங்கள், எல்லாம். "சாவு விழுந்த வீட்டுல பழைய தண்ணி நிக்கப்படாதுளா" என்றாள். நாம் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அந்தப் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

பிறகு அலமாரியைத் திறந்தபோது ஊசிகளில் தலையும் இறக்கையும் காலும் இருந்தன. வயிறுகளை எறும்பு தின்றுவிட்டது.

சித்தியிடம் சத்தம் போட்டேன். "எங்க அக்கா மவனுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சேன். பூச்சிக்கு வச்ச தண்ணின்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்று அழுதாள். அதற்கு மேல் கோபப்பட எனக்கும் தெம்பில்லை.

மிச்சத்தைச் சீமையில் பூச்சிகளை வகைபிரித்துப் பெயர் சொல்லும் துரைக்கு அனுப்பினேன். இறக்கை நரம்பு மட்டும் போதாது, ஆணின் வயிற்று நுனியிலுள்ள இடுக்கியைப் பார்க்காமல் பேரினம் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். இறக்கை, உணர்கொம்பு, காலின் முட்கள் எல்லாவற்றையும் வரையச் சொன்ன நீங்கள் அதை மட்டும் சொல்லவேயில்லை. ஆண் பெண்ணைப் பிடிக்கும் உறுப்பு என்பதாலா? கல்யாணமாகாத தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சமா? எனக்கும் கூச்சம்தான். நானும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை சேரன்மகாதேவிக்குப் போனேன். பறக்கிற பூச்சியைத் துரத்த மூச்சில்லை. வாயடைத்த கூடுகளாகத் தேடினேன். உள்ளே சிறகுக்குக் காத்துக் கிடக்கும் ஆணுக்கு இடுக்கி முற்றியிருக்கும் அல்லவா? மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன டீச்சரம்மா தேடுதிய? மோதிரம் விழுந்துட்டா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. எங்க அண்ணன் பாத்து வச்ச பூச்சி."

"பூச்சியா?" என்று சிரித்தார். பிறகு மாட்டைக் கரையேற்றிவிட்டு அவரும் குனிந்து கல்லைப் புரட்டினார். நீங்கள் வளர்த்துப் பார்த்த அதே கூடுகள் கிடைத்தன.

வீட்டில் பையப் பையப் பிரித்து லென்சில் பார்த்தேன். அண்ணே, இடுக்கி இரண்டு கணுவாக, நுனி உள்வளைந்து, புத்தகத்தில் பழைய பேரினத்துக்குப் போட்டிருக்கும் படத்தை அப்படியே ஒத்திருக்கிறது. இன்னொரு ஆணையும் பிரித்தேன். அதுவும் அப்படியே. புதிய சிற்றினமாக இருக்கலாம். புதிய பேரினம் இல்லை.

நான் பேசாமல் இருந்துவிட்டால் முடிவு தெரியாமலே கிடக்கும். "அவன் சொன்னது சொன்னபடி இருக்கட்டும்ளா. செத்தவன் பேரை ஏன் கெடுக்க?" என்கிறாள் சித்தி. அப்படியே விட்டுவிடும் ஆசை எனக்கும் இல்லாமலில்லை. உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. உங்களுக்குப் பின் இது ஒன்றாவது நிற்கும் என்று நம்பியிருந்தீர்கள்.

ஆனால் பூச்சியில் இல்லாத ஒரு கோட்டை நீங்கள் ஒருநாளும் என்னை வரையவிட்டதில்லை. கண்ணில் கண்டதை அப்படியே வரைந்து இந்தக் கப்பல் தபாலில் துரைக்குச் சேர்த்துவிடுவேன். இது சத்தியம். உங்கள் பேரினத்தை வேறு யாராவது கோடு போட்டு அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது அண்ணே. நானே அடித்துவிடுகிறேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்